பீர் பிறந்த ஊரும் மதுரை வெயிலும்: ஐந்து நாள் குறிப்புகள்

மே 1, புதன்கிழமை: மதுரை

விடியற்காலை ஐந்தரை மணிக்கு மதுரை சந்திப்பில் இறங்கினேன். சூரியன் இன்னும் எழவில்லை. ஆனாலும் நடைமேடையின் இரும்புத் தூணைத் தொட்டபோது முந்தைய நாளின் சூடு அதில் மிச்சமிருந்தது. சித்தப்பாவின் மகன் வாசலில் பைக்குடன் நின்றிருந்தான். மாட்டுத்தாவணிப் பக்கம் ஐஸ் கட்டி வியாபாரம் செய்பவன் அவன். பூச்சந்தைக்கும் மீன் கடைகளுக்கும் சில விடுதிகளுக்கும் அவனுடைய வண்டிகள் போகின்றன. என் வருகைக்கு இரண்டு காரணங்கள். சித்திக்குக் கண் அறுவைச் சிகிச்சை முடிந்திருந்தது, அவரைப் பார்க்க வேண்டும். மற்றொன்று, பொங்கலன்று எங்களுக்குள் தொடங்கி முடியாமல் போன ஒரு விவாதம்.

நான் ஆறு ஆண்டுகள் ஜெர்மனியில் நியூரம்பெர்க் நகரில் இயந்திரப் பொறியாளராக வேலை பார்த்தவன். அங்கே பீர் என்பது உணவின் பகுதி. நானும் அளவோடு குடித்து, அதன் சுவையில் உண்மையான ஈடுபாடு கொண்டேன். ஊர் திரும்பிய பிறகு, வெளிநாட்டுப் பெயர் கொண்ட பீர்களில் பல இந்தியாவிலேயே காய்ச்சப்படுகின்றன என்று அறிந்தபோது ஏமாற்றமாக இருந்தது. ஹைனக்கன், பட்வைசர், கார்ல்ஸ்பெர்க் மூன்றும் இங்குள்ள ஆலைகளில்தான் தயாராகின்றன. பிறந்த ஊரில் காய்ச்சியதற்கே மதிப்பு, மற்றதெல்லாம் பெயரை வாடகைக்கு எடுத்தவை என்பது என் கட்சி. "பேரு ஒண்ணு, பொருள் ஒண்ணு, காசு மட்டும் ஏண்ணே மூணு மடங்கு?" என்பது தம்பியின் கட்சி.

அமெரிக்காவில் நடந்த ஒரு வழக்கை நான் அன்று எடுத்துச் சொல்லியிருந்தேன். ஜெர்மனியின் பிரேமன் நகரத்து பெக்ஸ் பீரை, அமெரிக்கச் சந்தைக்காக 2012 முதல் செயின்ட் லூயிஸ் நகரிலேயே காய்ச்சத் தொடங்கினார்கள். ஜெர்மனியில் தோன்றியது, ஜெர்மானியத் தரம் என்ற சொற்கள் மட்டும் லேபிளில் அப்படியே இருந்தன. வாங்கியவர்கள் வழக்குத் தொடுத்தார்கள். 2015-இல் சமரசம் ஏற்பட்டு, ரசீது வைத்திருந்த குடும்பத்துக்கு 50 டாலர் வரையிலும் ரசீது இல்லாதவர்களுக்கு 12 டாலர் வரையிலும் திருப்பித் தர ஒப்புக்கொண்டார்கள். ஊர் மாறினால் மதிப்பு மாறும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா என்று கேட்டிருந்தேன். தம்பி அப்போது பதில் சொல்லவில்லை. மதுரைக்கு வாருங்கள், குடித்துப் பார்த்துப் பேசுவோம் என்றான்.

வந்த நாளோ மே தினம். மதுக்கடைகளும் விடுதி மதுக்கூடங்களும் மூடியிருந்தன. தேதியைப் பார்க்காமல் பயணத்தை வகுத்தது என் தவறு. மாலையில் விளக்குத்தூண் அருகே ஜிகர்தண்டா குடித்தோம், டம்ளர் 40 ரூபாய். கடைக்காரர் எனக்கு முன்னால் நின்ற சிறுவனுக்குக் கூடுதலாக ஒரு கரண்டி கடற்பாசி போட்டுவிட்டு, நான் பார்த்ததைக் கண்டு எனக்கும் போட்டார்.

மே 2, வியாழக்கிழமை: விடுதி மதுக்கூடம்

பகல் முழுவதும் வெளியே தலைகாட்ட முடியவில்லை. அறையின் சன்னல் கண்ணாடியில் கை வைத்தால் தோசைக்கல்லைத் தொட்டதுபோல் இருந்தது. மாலை ஏழு மணிக்குத்தான் தம்பியுடன், அவன் ஐஸ் அனுப்பும் விடுதிகளில் ஒன்றின் மதுக்கூடத்துக்குப் போனேன்.

பரிமாறியவர் ஐம்பது வயதுக்காரர். குப்பியை மேசையில் வைக்கும் முன் ஈரத்துண்டால் துடைத்து, லேபிள் என் பக்கம் தெரியும்படி திருப்பிப் பிடித்து, "திறக்கலாமா சார்?" என்று அனுமதி கேட்டார். நான் கேட்டது ஐரோப்பாவில் காய்ச்சி இறக்குமதியான ஒரு லாகர், அதாவது குளிரில் மெதுவாகப் புளிக்கவைக்கும் பீர் வகை. 330 மில்லி, 620 ரூபாய். தம்பி கேட்டது அதே தரத்தில், அதே ஐந்து சதவீத ஆல்கஹாலுடன், இந்தியாவில் காய்ச்சப்பட்ட ஒரு வெளிநாட்டுப் பெயர். 650 மில்லி, 450 ரூபாய். மில்லிக்குக் கணக்குப் பார்த்தால் என்னுடையது ஏறத்தாழ இரண்டே முக்கால் மடங்கு விலை.

முதல் மடக்கிலேயே மனம் சுருங்கிவிட்டது. நியூரம்பெர்க்கில் நான் அறிந்திருந்த, பீரில் சேர்க்கும் ஹாப்ஸ் என்ற கொடிப்பூவின் கசப்பும் மணமும் எங்கோ அடியில் தேய்ந்து கிடக்க, மேலே நனைந்த அட்டைப்பெட்டியின் வாசமும் ஆறிப்போன தேன் போன்ற ஒரு தித்திப்பும் நின்றன. குப்பியைத் திருப்பி, கழுத்தில் பொடி எழுத்தில் அச்சிட்டிருந்த தேதியைத் தம்பியின் கைப்பேசி வெளிச்சத்தில் படித்தோம்: காய்ச்சிப் பதின்மூன்று மாதங்கள் ஆகியிருந்தன. சட்டப்படி விற்கத் தகுந்ததுதான்; காலாவதியாகவில்லை. தம்பியின் குப்பிக்கு வயது இருபத்து மூன்று நாள்.

அந்த அட்டைப்பெட்டி வாசத்துக்குக் காரணம் உண்டு. குப்பிக்குள் எஞ்சும் ஒரு சிறு அளவு ஆக்சிஜன் காலப்போக்கில் பீரின் கூறுகளோடு வினைபுரிகிறது. அப்போது வெளிப்படும் பொருள்களில் டிரான்ஸ்-2-நானினல் என்பது மிகமிகச் சிறிய அளவிலேயே நாவுக்கும் மூக்குக்கும் தெரிந்துவிடும். ஆலையில் குப்பியைச் சுமார் 60 டிகிரி வெந்நீர்த் தூறலில் நிறுத்திப் பாஸ்டர்முறை செய்வதால் கிருமியால் அது கெடாது. ஆனால் முதுமையைப் பாஸ்டர்முறை தடுக்காது. வெப்பம் கூடக்கூட அந்த முதுமை விரைந்து வரும். குளிர்ந்த நிலவறையில் ஓராண்டு அமைதியாகக் கிடந்திருக்கக்கூடிய பீர், கப்பலின் இரும்புப் பெட்டிக்குள் வெப்பமண்டலக் கடலைக் கடந்து, துறைமுக முற்றத்தில் காத்திருந்து, கிடங்குகளில் மாறி மாறித் தங்கி வந்தால் சில மாதங்களிலேயே கிழடாகிவிடும். செங்கடலில் தாக்குதல்கள் நடந்ததால் 2024-இல் பல கப்பல்கள் ஆப்பிரிக்காவின் நன்னம்பிக்கை முனையைச் சுற்றி வந்தன. பயணம் பத்து நாளுக்கு மேல் நீண்டது.

இதைப் பரிமாறியவரிடம் குறையாகச் சொல்லவில்லை. ஆனாலும் பாதிக் கோப்பை அப்படியே இருப்பதைப் பார்த்துவிட்டு அவரே வந்து, "வெளிநாட்டு அயிட்டம் இங்க மெதுவாத்தான் போகும் சார், விலை அப்படி" என்றார். முழு விளக்கமும் அந்த ஒரு வாக்கியத்தில் இருந்தது. விலை அதிகம் என்பதால் விற்பனை மெதுவாகிறது, விற்பனை மெதுவாவதால் குப்பி கிழடாகிறது, கிழடானதற்கும் அதே அதிக விலையைக் கொடுக்கிறோம். வெளியே வந்து கறிதோசை சாப்பிட்டோம். நன்றாக இருந்தது.

மே 3, வெள்ளிக்கிழமை: பூச்சந்தை, அழகர்கோவில்

அதிகாலையில் தம்பி தன் ஐஸ் வண்டியிலேயே மாட்டுத்தாவணிப் பூச்சந்தைக்கு அழைத்துப் போனான். மதுரை மல்லிக்கு 2013-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்த மணமும் தடித்த இதழும் இந்த மண்ணுக்கு உரியவை என்பதற்கான சட்ட அங்கீகாரம் அது. மொட்டாகப் பறித்ததை மாலைக்குள் விரிவதற்கு முன் கொண்டுசேர்க்க வேண்டும் என்பதால் சந்தை முழுவதும் ஓட்டமாகவே இருந்தது. விமானத்தில் வெளிநாட்டுக்குப் போகும் மொட்டுகளைத் தெர்மகோல் பெட்டியில் ஐஸ் வைத்து அடுக்கிக்கொண்டிருந்த வியாபாரி, பெட்டிக்குள் கைவிட்டுப் பார்த்துவிட்டு, ஐஸ் போதாது என்று தம்பியை அதட்டினார். பிறகு என்னிடம் திரும்பி, "மதுரைப் பூன்னு பேரு மட்டும் போய்ச் சேர்ந்தா என்னங்கய்யா பிரயோசனம், மணம் போய்ச் சேரணும்ல" என்றார். பதின்மூன்று மாதக் குப்பியின் நினைவு எனக்கு வந்தது. தம்பி என் முகத்தைப் பார்த்தான், ஒன்றும் சொல்லவில்லை.

ஆனால் நான் கட்சி மாறத் தயாராக இல்லை. தேதி பழையது என்பது ஒரு வாதம், ஊர் முக்கியமில்லை என்பது வேறு வாதம். தண்ணீர் இருக்கிறதே என்றேன். அதற்குத் தம்பி அழகர்கோவிலுக்கு வண்டியைத் திருப்பினான்.

மலைமேல் ராக்காயி அம்மன் சந்நிதியில் நூபுர கங்கை விழுகிறது. கள்ளழகர் உற்சவ மூர்த்திக்கு இந்தத் தீர்த்தத்தால் மட்டுமே திருமஞ்சனம் செய்வார்கள்; வேறு நீர் பட்டால் திருமேனி கறுத்துவிடும் என்பது இங்குள்ள நம்பிக்கை. அடிவாரத்தில் நெய்யில் பொரித்த அழகர்கோவில் தோசையை, உளுந்தும் மிளகும் மணக்க, வாங்கி வைத்தபோது ஒரு குரங்கு வந்து இலையோடு கொண்டுபோய்விட்டது. பக்கத்தில் இருந்த திருமங்கலத்து அம்மா தன் பங்கில் பாதியைப் பிட்டு, மறுக்க இடம் கொடுக்காமல் என் கையில் வைத்தார்.

தண்ணீரைப் பற்றி என் வாதம் இதுதான். செக் நாட்டின் பில்சன் நகரில் 1842-இல் ஜோசப் கிரோல் என்ற பவேரியர் பொன்னிற லாகரை முதன்முதலில் காய்ச்சியபோது, அந்த ஊரின் மிக மென்மையான நீர்தான் அதற்கு மென்மையான கசப்பைக் கொடுத்தது. இங்கிலாந்தின் பர்ட்டன் நகரத்து நீரில் ஜிப்சம் உப்பு நிறைந்திருந்ததால்தான் அங்கே வெளிறிய ஏல் என்ற பீர் வகை கூர்மையான கசப்போடு உருவானது. ஊரின் பாறையும் மண்ணும் கோப்பைக்குள் வந்துவிடுகின்றன. பத்தொன்பதாம் நூற்றாண்டுக்கு இது முழு உண்மை.

தம்பி தன் ஐஸ் ஆலையில் இருக்கும் ஆர்.ஓ. இயந்திரத்தைப் பற்றிச் சொன்னான். போர்வெல் நீரில் இருக்கும் உப்பையெல்லாம் அது நீக்கிவிடும். அதற்குப் பிறகு வேண்டிய உப்பை வேண்டிய அளவு சேர்த்தால் எந்த ஊர்த் தண்ணீரையும் உண்டாக்கலாம் அல்லவா என்று கேட்டான். இன்றைய பெரிய பீர் ஆலைகள் செய்வது இதைத்தான். எனக்கு அது தெரிந்தும் இருந்தது. பீரைப் புளிக்கவைக்கும் நுண்ணுயிரான ஈஸ்ட்டும் அப்படியே. கோபன்ஹேகனின் கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்தில் எமில் ஹான்சன் 1883-இல் ஒற்றை உயிரணுவிலிருந்து தூய ஈஸ்ட்டை வளர்த்துக் காட்டினார். ஹைனக்கன் நிறுவனம் 1886-இல் தனக்கென்று பிரித்தெடுத்த ஏ-ஈஸ்ட்டைத்தான் உலகெங்கும் உள்ள தன் ஆலைகளுக்கு இன்றும் அனுப்புகிறது. அம்மா வீட்டிலிருந்து உறைமோர் கொண்டுபோய்ப் புகுந்த வீட்டில் தயிர் தோய்ப்பதைப்போல என்றேன். "அந்தத் தயிரு நல்லாத்தானேண்ணே இருக்கும்?" என்றான்.

அரிசியையும் நான் விடவில்லை. 1516-இல் பவேரியக் கோமகன் பிறப்பித்த தூய்மைச் சட்டப்படி வாற்கோதுமை, ஹாப்ஸ், தண்ணீர் தவிர எதுவும் பீரில் சேரக்கூடாது. இந்தியக் குப்பிகள் பலவற்றின் லேபிளில் அரிசியும் சர்க்கரையும் இருக்கின்றன. ஆனால் பட்வைசர் தன் பிறந்த ஊரான அமெரிக்காவிலேயே அரிசி சேர்த்துத்தான் காய்ச்சப்படுகிறது. ஆகவே அரிசியைக் கொண்டு ஊரைக் குறைசொல்ல முடியாது. செய்முறையைத்தான் சொல்ல முடியும். இரவு சித்திக்குச் சொட்டு மருந்து விட்டுவிட்டு, இதையே நினைத்துக்கொண்டு வெகுநேரம் விழித்திருந்தேன்.

மே 4, சனிக்கிழமை: சோழவந்தான்

இன்று அக்னி நட்சத்திரம் தொடங்கியது. தம்பியின் நண்பர் ஒருவர் பிராங்க்பர்ட்டிலிருந்து இந்த வாரம்தான் வந்திருக்கிறார். சுங்க விதிப்படி ஒருவர் இரண்டு லிட்டர் மதுவை வரியின்றிக் கொண்டுவரலாம். அவர் 330 மில்லி பீர்க் குப்பிகள் ஆறைச் சரியாகக் கொண்டுவந்திருந்தார். பிறந்த நாட்டிலேயே காய்ச்சப்பட்டு, எட்டு வாரமே ஆனவை. அதே பெயரில் இந்தியாவில் காய்ச்சிய குப்பிகளை, நான்கு வாரத்துக்கு உட்பட்ட தேதி பார்த்து, தம்பி நேற்றே வாங்கி வைத்திருந்தான். சோழவந்தானில் இன்னொரு நண்பரின் தென்னந்தோப்பில் வைத்துச் சோதித்துப் பார்ப்பதாக ஏற்பாடு.

சமயநல்லூர் தாண்டியதும் டயர் பஞ்சரானது. ஸ்டெப்னியை எடுக்கப் பின்பக்கச் சாமான்களை இறக்கியபோது, தெர்மகோல் பெட்டியில் இடம் போதாமல் தனியே பையில் இருந்த இரண்டு குப்பிகளை, அந்நாட்டது ஒன்றும் இந்நாட்டது ஒன்றும், சாலையோரக் கல்லின்மேல் வைத்தோம். இரண்டும் பச்சை நிறக் குப்பிகள். ஜாக்கி சறுக்கிக்கொண்டே இருந்ததால் முக்கால் மணி நேரம் போய்விட்டது. அவ்வழியே வந்த நெல் டிராக்டர் ஓட்டுநர் கேட்காமலேயே இறங்கி, கல்லை முட்டுக் கொடுத்து, நான்கு நட்டையும் முறுக்கிவிட்டு, கையில் கொடுத்த பணத்தை வாங்க மறுத்துப் போனார்.

தோப்பில் தம்பி சோதனையை நடத்தினான். பீர் ஆலைகளில் முக்கோணச் சோதனை என்று ஒன்று உண்டு: மூன்று கோப்பைகளில் இரண்டில் ஒரே பீரும் ஒன்றில் வேறும் ஊற்றி, வேறானது எது என்று கேட்பார்கள். எதையும் அறியாமல் சொன்னாலே மூன்றில் ஒரு முறை சரியாகிவிடும் என்பதால், அதற்கு மேல் சரியாகச் சொன்னால்தான் வேறுபாடு உண்மை. எவர்சில்வர் டம்ளர்களின் அடியில் எண் ஒட்டி, நிறம் தெரியாதபடி கண்ணைக் கட்டி, மூன்று சுற்று கொடுத்தான். நாட்டுக்கோழிக் குழம்பு அதற்குப் பிறகுதான் என்று சொல்லிவிட்டான்.

முதல் சுற்றில் தவறினேன். இரண்டாவதில் சரியாகச் சொன்னேன். மூன்றாவதில், இதுதான் பிறந்த ஊர்ச் சரக்கு, இதோ அந்த ஹாப்ஸ் மணம் என்று முழு நம்பிக்கையோடு நான் எடுத்துக் கொடுத்த டம்ளரில் இருந்தது இந்தியாவில் காய்ச்சியது. பிராங்க்பர்ட் நண்பரும் மூன்றில் ஒன்றுதான் சரியாகச் சொன்னார். ஆறு ஆண்டுகள் அந்த மண்ணில் குடித்துப் பழகிய நாவு என்று நான் எண்ணியிருந்ததனால் இது எனக்கு உண்மையாகவே வலித்தது. மூன்று சுற்று எதையும் நிரூபிக்காது என்பதும் தெரியும். ஆனால் மூன்று மடங்கு விலைக்கு உரிய வேறுபாடு என்றால் மூன்று சுற்றிலேயே தெரிந்திருக்க வேண்டும்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் பெரிது. வெயிலில் நின்ற இரண்டு குப்பிகளையும் குளிரவைத்துத் திறந்தோம். கண்ணைக் கட்டாமலேயே, முகர்ந்த உடனே தோப்புக்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். கருகிய ரப்பரும் பூண்டும் சேர்ந்ததுபோல் ஒரு நாற்றம். இரண்டிலும் ஒரேபோல். ஹாப்ஸின் கசப்புப் பொருளை ஒளியின் நீலப் பகுதி உடைக்கும்போது கந்தகம் கலந்த ஒரு சேர்மம் உண்டாகிறது. அமெரிக்காவின் ஸ்கங்க் என்ற விலங்கு பீய்ச்சும் திரவத்தின் நாற்றத்துக்கு நெருங்கிய உறவு அது. நேர் வெயிலில் சில நிமிடங்களே போதும். பழுப்புக் குப்பி அந்த ஒளியைப் பெரும்பாலும் தடுக்கும், பச்சைக் குப்பி மிகக் குறைவாகத் தடுக்கும், நிறமற்ற குப்பி தடுக்கவே தடுக்காது. பச்சை நிறமே வெளிநாட்டுத் தரத்தின் அடையாளம் என்று கடைகளில் அதைத் தேடி எடுத்தவன் நான்.

குழம்பும், தோப்புக்காரரின் தாயார் மடித்துக் கொடுத்த சோழவந்தான் வெற்றிலையும் முடிந்த பிறகு, பெக்ஸ் வழக்கைத் தம்பி மீண்டும் எடுத்தான். அங்கே வாங்கியவர்கள் முறையிட்டது லேபிளைப் பற்றித்தானே, சுவையைப் பற்றி இல்லையே என்றான். சரிதான். இறக்குமதி என்று நம்பி இறக்குமதி விலை கொடுத்தவர்களுக்கு அது எங்கே காய்ச்சியது என்று தெளிவாகச் சொல்லாதது தவறு. அந்தத் தவறு பீர் நன்றாக இருந்தாலும் தவறுதான். எங்கே காய்ச்சியது என்று தெரிந்து வாங்கும் உரிமையையும் சுவையையும் நான் இத்தனை காலம் ஒன்றாகக் குழப்பிக்கொண்டிருந்தேன். இங்கே நாம் கொடுக்கும் கூடுதல் விலையில் கப்பல் கூலியும், சுங்க வரியும், அதற்கு மேல் மாநில வரிகளும் அடங்கியிருக்கின்றன. அவற்றில் ஒன்றும் கோப்பைக்குள் வருவதில்லை.

ஒன்றை மட்டும் நான் விட்டுக்கொடுக்கவில்லை, தம்பியும் ஒப்புக்கொண்டான். பிரஸ்ஸல்ஸ் நகரைச் சுற்றிய பகுதியின் லாம்பிக் பீர், திறந்த தொட்டியில் குளிரும்போது அவ்வூர்க் காற்றிலும் மரப்பீப்பாய்களிலும் வாழும் காட்டு ஈஸ்ட்டுகளாலும் பாக்டீரியாக்களாலுமே புளிக்கிறது. அதை இன்னோர் ஊரில் அப்படியே உண்டாக்க முடியாது. டிராப்பிஸ்ட் என்ற கிறித்தவத் துறவியரின் முத்திரை பெற வேண்டுமானால் அவர்களுடைய மடத்துக்குள்ளேயோ அதை ஒட்டியோ காய்ச்சியிருக்க வேண்டும். இவற்றில் வலுவும் கருமையும் கொண்ட சில, குப்பிக்குள்ளேயே உயிருள்ள ஈஸ்ட்டோடு இருப்பதால், ஆண்டுகள் கடந்தும் மெருகேறும். அவற்றுக்குக் கூடுதல் விலை கொடுப்பேன். வெளிர்நிற லாகருக்கு அந்த நியாயம் இல்லை. அது கீரையைப் போன்றது.

மே 5, ஞாயிற்றுக்கிழமை: மதுரை

காலையில் சித்தியின் கண்கட்டு எடுக்கப்பட்டது. எதிர்ச்சுவரிலிருந்த நாள்காட்டியின் தேதியை அவரே வாசித்தார். பிற்பகல் பருத்திப்பால் குடித்தேன், 20 ரூபாய். வானம் மூடியதுபோல் இருந்து ஏமாற்றிவிட்டது.

இரவு வண்டிக்கு முன் அதே மதுக்கூடத்துக்குத் தனியே போனேன். பரிமாறியவர் அடையாளம் கண்டு, "அன்னைக்குக் குடிச்சதேவா சார்?" என்றார். எந்தப் பெயராக இருந்தாலும் சரி, பழுப்புக் குப்பி, இருப்பதிலேயே புதிய தேதி வேண்டும் என்றேன். அவர் வியக்கவில்லை. குளிர்பெட்டியின் முன் குந்தி அமர்ந்து, கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிப் போட்டுக்கொண்டு, ஒவ்வொரு குப்பியாக எடுத்துத் துடைத்துப் படித்தார். நான்காவது குப்பியோடு வந்தார்: தமிழ்நாட்டிலேயே காய்ச்சியது, பதினொரு நாள், 650 மில்லி, 380 ரூபாய். லேபிளை என் பக்கம் திருப்பிப் பிடித்து அனுமதி கேட்டார். திறக்கச் சொன்னேன்.